வினை விதைத்தவர் வாஷிங்டனில், அறுப்பவர் மும்பையில்

2008 நவம்பர் 26 இரவு கடல்வழியாக மும்பைக்குள் நுழைந்த பத்துப் பேர், மூன்று நாட்கள் அந்த மாநகரைத் துப்பாக்கி முனையில் நிறுத்தினர். 166 பேர் கொல்லப்பட்டனர். தாஜ் விடுதியின் குவிமாடத்திலிருந்து எழுந்த புகைதான் உலகத் தொலைக்காட்சிகளின் நினைவில் தங்கியது. ஆனால், ஒரே இடத்தில் மிக அதிகமானோர் மாண்டது அந்த விடுதியில் அல்ல. சத்ரபதி சிவாஜி ரயில் முனையத்தில்தான். சொந்த ஊர் செல்லும் வண்டிக்காக மூட்டை முடிச்சுகளுடன் காத்திருந்த ஐம்பதுக்கும் மேற்பட்டோர் அங்கே சுட்டுக்கொல்லப்பட்டனர். அவர்களில் இந்துக்களும் இருந்தனர், இஸ்லாமியர்களும் இருந்தனர். பிழைப்புக்காக அந்நகரை நாடி வந்தவர்களும், அவர்தம் பிள்ளைகளும் இருந்தனர்.

இத்தாக்குதலைத் திட்டமிட்டது பாகிஸ்தானில் இயங்கும் லஷ்கர்-இ-தொய்பா என்பது நீதிமன்றங்களில் நிறுவப்பட்ட உண்மை. அந்நாட்டு ராணுவ உளவு அமைப்பு அதைப் பேணி வளர்த்தது என்பதும் உலகறிந்த ஒன்று. ஆனால், இத்துடன் நிறுத்திக்கொள்வது பாதி உண்மையைச் சொல்லி மீதியை மறைப்பதாகும். அத்தகைய அமைப்பு ஒன்று எந்த மண்ணில் முளைத்தது, யார் பணத்தில் வளர்ந்தது, யாருடைய போருக்காகப் பயிற்சி பெற்றது என்ற கேள்விகளை இந்திய ஆளும் வர்க்க ஊடகங்கள் எழுப்புவதே இல்லை. அவற்றை எழுப்பினால், இன்று இந்தியாவின் "இயல்பான கூட்டாளி" என்று கொண்டாடப்படும் வல்லரசின் வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கும்.

குனார் முதல் கொலாபா வரை

1978 ஏப்ரலில் ஆப்கானிஸ்தானில் ஆட்சிக்கு வந்த மக்கள் ஜனநாயகக் கட்சி, நிலச் சீர்திருத்தம், விவசாயிகளின் கடன் ரத்து, பெண்கல்வி ஆகியவற்றை அறிவித்தது. நிலப்பிரபுக்களும் பழமைவாத மதத் தலைவர்களும் அதற்கு எதிராகத் திரண்டனர். 1979 ஜூலையில், அதாவது சோவியத் படைகள் அந்நாட்டினுள் நுழைவதற்கு ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு முன்பே, அந்த எதிர்ப்பாளர்களுக்கு ரகசிய உதவி வழங்கும் ஆணையில் அமெரிக்க அதிபர் கார்ட்டர் கையொப்பமிட்டார். அவருடைய பாதுகாப்பு ஆலோசகராக இருந்த பிரெஜின்ஸ்கி பின்னாளில் இதைப் பெருமிதத்துடன் ஒப்புக்கொண்டார்.

அடுத்த பத்தாண்டுகளில் அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ ஏறத்தாழ 300 கோடி டாலரை இந்தப் போரில் கொட்டியது. சவூதி அரேபியா அதற்கு இணையான தொகையை அளித்தது. இந்தப் பணமும் ஆயுதமும் பாகிஸ்தானின் ஐஎஸ்ஐ கைவழியாகவே சென்றன. யாருக்கு எவ்வளவு என்பதைத் தீர்மானித்தவர்கள் ஜியா உல் ஹக்கின் தளபதிகள். ஆப்கன் எதிர்ப்பாளர்களில் மிதவாதிகளும் இருந்தனர், தேசியவாதிகளும் இருந்தனர். எனினும், பங்கில் பெரும்பகுதி மிகக் கொடிய மதவெறிக் குழுக்களுக்கே போய்ச் சேர்ந்தது. அகதி முகாம்களில் படித்த குழந்தைகளின் பாடநூல்களில்கூட, அமெரிக்க அரசின் நிதியில், துப்பாக்கியும் தோட்டாவும் புனிதப்போரும் அச்சிடப்பட்டன.

லஷ்கர்-இ-தொய்பாவின் தாய் அமைப்பு 1980-களின் பிற்பகுதியில் இந்தப் போரின் நிழலில்தான் உருவானது. ஆப்கானிஸ்தானின் குனார் மாகாணத்தில் அதன் தொடக்ககாலப் பயிற்சி முகாம்கள் இருந்தன. பெஷாவரில் 1988-ல் அல்-காய்தா உருவானதும் இதே சூழலில்தான். சோவியத் படைகள் 1989-ல் வெளியேறின. அமெரிக்காவும் தன் வேலை முடிந்தது என்று கிளம்பியது. பயிற்சி பெற்ற ஆட்களும் எஞ்சிய ஆயுதங்களும் நன்கொடைப் பணத்தின் வலைப்பின்னலும் அங்கேயே இருந்தன. அவற்றுக்குப் புதிய போர்க்களம் தேவைப்பட்டது. பாகிஸ்தான் ராணுவம் காஷ்மீரைக் காட்டியது. குனாரில் தொடங்கிய அந்தப் பாதையே 2008-ல் கொலாபாவின் மீனவர் குப்பத்துக் கரையில் வந்து ஒதுங்கியது.

மும்பைத் தாக்குதலுக்காக அந்நகரை நேரில் வந்து பலமுறை வேவு பார்த்தவர் டேவிட் ஹெட்லி. முன்னர் அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்பு முகமைக்கு உளவு சொல்லி வந்தவர் அவர். அவரை இந்தியாவிடம் ஒப்படைப்பதில்லை என்ற உறுதிமொழியுடன் அமெரிக்க அரசு சமரச ஒப்பந்தம் செய்துகொண்டு, 35 ஆண்டுச் சிறைத்தண்டனையுடன் தன் நாட்டிலேயே வைத்துக்கொண்டது. பயங்கரவாத எதிர்ப்பில் கைகோத்து நிற்பதாகச் சொல்லப்படும் நட்பின் தரம் இதுதான்.

வெற்றிடம் தானாக உருவாவதில்லை

அந்நியப் படையெடுப்பு எல்லா இடங்களிலும் மதவெறிக் குழுக்களைத்தான் உருவாக்குகிறதா என்ற கேள்வி நியாயமானது. வியட்நாம் இதற்கு விடை சொல்கிறது. பிரான்சும் அமெரிக்காவும் அந்த மண்ணில் நடத்திய அழிவு வேறெங்கும் நடந்ததற்குக் குறைந்ததல்ல. ஆயினும் அங்கு எழுந்த எதிர்ப்பு, விவசாயிகளிடையே வேரூன்றிய ஒரு வெகுஜனக் கட்சியின் தலைமையில் அமைந்தது. அதற்குத் தெளிவான அரசியல் இலக்கு இருந்தது. அமெரிக்க மக்களையே அது எதிரியாகக் கருதவில்லை. போர் முடிந்த பின்பு, உலகின் எந்த ரயில் நிலையத்திலும் வியட்நாமியர் எவரும் குண்டு வைக்கவில்லை.

மேற்காசியாவில் நிலைமை வேறாக அமைந்ததற்குக் காரணம் மதம் அல்ல. மக்களின் சினத்தை ஜனநாயகப் பாதையில் வழிநடத்தியிருக்கக் கூடிய சக்திகள் அங்கே முன்கூட்டியே திட்டமிட்டு அழிக்கப்பட்டன. இந்த வரலாற்றின் ஒரு நுனி மும்பையின் செம்பூரை அடுத்த மாஹுல், டிராம்பே பகுதிகளிலேயே இருக்கிறது. 1951-ல் ஈரான் பிரதமர் மொசாதேக் ஆங்கிலேயக் கம்பெனியின் பிடியிலிருந்த எண்ணெய் வளத்தை நாட்டுடைமையாக்கினார். அதே ஆண்டில்தான் பர்மா ஷெல் நிறுவனமும் அமெரிக்காவின் ஸ்டாண்டர்ட் வாக்குவம் நிறுவனமும் டிராம்பேயில் சுத்திகரிப்பு ஆலைகள் அமைக்க இந்திய அரசுடன் ஒப்பந்தம் செய்தன. இந்தியா 1970-களில் அந்த ஆலைகளை நாட்டுடைமையாக்கியது. செம்பூரில் வாழும் மக்கள் அன்றாடம் காணும் இன்றைய பொதுத்துறை ஆலைகள் அவையே. இந்தியா செய்த அதே செயலை இருபது ஆண்டுகளுக்கு முன்பு செய்த குற்றத்துக்காகத்தான் மொசாதேக் அரசு 1953 ஆகஸ்டில் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவு நிறுவனங்களின் சதியால் கவிழ்க்கப்பட்டது. தூதே கட்சியைச் சேர்ந்த கம்யூனிஸ்டுகள் வேட்டையாடப்பட்டனர். தொழிற்சங்கமும் கட்சியும் பத்திரிகையும் தடைசெய்யப்பட்ட நாட்டில் மக்கள் கூடுவதற்கு எஞ்சியிருந்த இடம் மசூதி ஒன்றே. 1979-ல் மன்னராட்சியை வீழ்த்திய மாபெரும் மக்கள் எழுச்சியின் கனியை மதபீடம் பறித்துக்கொண்டதில் வியப்பில்லை.

ஈராக்கிலும் இதுவே நடந்தது. 1963-ல் பாத் கட்சியினர் அதிகாரத்தைக் கைப்பற்றியபோது ஆயிரக்கணக்கான கம்யூனிஸ்டுகளும் முற்போக்காளர்களும் கொல்லப்பட்டனர். வாஷிங்டன் அந்த ஆட்சி மாற்றத்தை வரவேற்றது. நாற்பது ஆண்டுகள் கழித்து, இல்லாத பேரழிவு ஆயுதங்களைக் காரணம் காட்டி, 2003 மார்ச்சில் அமெரிக்கா அதே நாட்டின் மீது படையெடுத்தது. அப்போது மக்களை மத, இன எல்லைகளைக் கடந்து ஒன்றிணைக்கும் வலுவான இயக்கம் எதுவும் அங்கு எஞ்சியிருக்கவில்லை. ஆக்கிரமிப்பு நிர்வாகி பால் பிரெமர் 2003 மே மாதத்தில் ஈராக் ராணுவத்தை ஒரே ஆணையில் கலைத்தார். பல லட்சம் படைவீரர்கள் ஆயுதப் பயிற்சியுடனும் அவமானத்துடனும் வேலையின்றித் தெருவுக்கு வந்தனர். புதிய ஆட்சி ஷியா, சன்னி, குர்து என்று பங்கிடப்பட்டது. பின்னாளில் ஐ.எஸ். அமைப்பின் தலைவரான அபுபக்கர் அல்-பாக்தாதி, 2004-ல் அமெரிக்கப் படையின் தடுப்பு முகாமில் இருந்தவர். அந்த முகாம்களிலேயே பழைய ராணுவ அதிகாரிகளும் மதவெறியர்களும் சந்தித்துக்கொண்டனர். படையெடுப்புக்கு முன் ஈராக்கில் இல்லாத ஓர் அமைப்பு, 2014 ஜூனில் மோசுல் நகரையே கைப்பற்றியது.

அந்த மோசுலில் கட்டுமானப் பணிக்குச் சென்றிருந்த 39 இந்தியத் தொழிலாளர்கள் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டனர். பஞ்சாப், இமாச்சலம், பீகார், வங்கம் ஆகிய மாநிலங்களின் எளிய குடும்பங்களைச் சேர்ந்த அவர்களது மரணம், நான்கு ஆண்டுகள் கழித்து 2018 மார்ச்சில்தான் நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. மறுபுறத்தில், மும்பையை அடுத்த கல்யாணைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள் 2014-ல் ஈராக் சென்று அதே அமைப்பில் சேர்ந்ததாகப் புலனாய்வு அமைப்புகள் கூறின. ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் மூட்டப்பட்ட தீயின் பொறி எவ்வளவு தூரம் பறக்கும் என்பதற்கு இவ்விரண்டு நிகழ்வுகளும் சான்று.

இலங்கை தந்த கசப்பான பாடம்

இந்தச் செயல்முறை அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. படையை அனுப்புகிறவர்களின் நோக்கம் எதுவாக இருப்பினும் விளைவு பெரிதும் மாறுவதில்லை என்பதற்கு, தமிழ் மக்கள் மறக்கவியலாத எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1987 ஜூலை 29 அன்று கையெழுத்தான இந்திய - இலங்கை உடன்பாடு, தமிழர் பகுதிகளுக்கு மாகாண சபை என்ற அரசியல் தீர்வின் தொடக்கத்தைக் கொண்டிருந்தது. ஆனால், அதைத் தொடர்ந்து சென்ற இந்திய அமைதி காக்கும் படை, அக்டோபர் மாதத்தில் போரிடும் படையாக மாறியது. யாழ்ப்பாணப் பொது மருத்துவமனையில் அக்டோபர் 21 அன்று நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியர்களுமாக அறுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். உடன்பாட்டின் நற்பயன்கள் யாவும் மக்கள் மனத்தில் அந்த ரத்தத்தில் கரைந்துபோயின.

இதனால் பலம் பெற்றவர் யார்? வடக்கில், மாற்றுக் கருத்துக்கு இடம் தராத ஒற்றை ஆயுத அமைப்பாக விடுதலைப் புலிகள் நிலைபெற்றனர். இந்தியப் படையை வெளியேற்றும் நோக்கத்துடன் இலங்கை அதிபர் பிரேமதாசாவே அவர்களுக்கு ஆயுதம் வழங்கினார். இந்தியப் படையின் அத்துமீறல்களையும் புலிகளின் கொடுமைகளையும் ஒருசேரப் பதிவுசெய்த மருத்துவப் பேராசிரியர் ராஜனி திராணகம, 1989 செப்டம்பரில் யாழ்ப்பாணத் தெருவில் சுட்டுக்கொல்லப்பட்டார். தெற்கில், "இந்திய விரிவாதிக்க எதிர்ப்பு" என்ற முழக்கத்துடன் ஜனதா விமுக்தி பெரமுன ஆயுதம் ஏந்தியது. அதன் தாக்குதலுக்கு முதலில் இரையானவர்களில், உடன்பாட்டை ஆதரித்த இடதுசாரிகளும் இருந்தனர்; மக்கள் பேரன்பைப் பெற்ற நடிகரும் அரசியல் தலைவருமான விஜய குமாரதுங்க 1988 பிப்ரவரியில் கொல்லப்பட்டார். பின்னர் அரசின் பதிலடியில் சிங்கள இளைஞர்கள் பல்லாயிரக்கணக்கில் மாண்டனர். அதே பெரமுன ஆயுதத்தைக் கைவிட்டு, பல ஆண்டுகள் தேர்தல் அரசியலில் ஈடுபட்டு, 2024-ல் வாக்குகள் மூலம் ஆட்சிக்கு வந்ததும் கவனிக்கத்தக்கது. துப்பாக்கியால் இயலாததை அரசியல் களம் செய்துகாட்டியது.

1990 மார்ச்சில் இந்தியப் படை திரும்பியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிரிழந்திருந்தனர். மறு ஆண்டு மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். எந்தக் கொலையையும் இந்த வரலாறு நியாயப்படுத்திவிடாது. ஆனால், வரலாற்றை மறைத்தால் அடுத்த கொலையைத் தடுக்கும் வழி தெரியாமற்போகும்.

ஆப்கானிஸ்தானைப் பற்றிப் பேசும்போதும் இதே நேர்மை தேவை. சோவியத் படைகள் காபூல் அரசின் அழைப்பின்பேரில் சென்றன என்பதும், அந்த அரசைக் கவிழ்க்க அமெரிக்கா முன்பே களமிறங்கியிருந்தது என்பதும் உண்மையே. எனினும், உட்கட்சிப் பூசலாலும் அவசரப் போக்காலும் மக்களிடமிருந்து விலகிக்கொண்டிருந்த ஓர் அரசை வெளியிலிருந்து வந்த படையால் காப்பாற்ற இயலவில்லை. பெண்கல்வியை எதிர்த்த நிலப்பிரபுவுக்கு, "நாட்டை மீட்கப் போராடுபவன்" என்ற மகுடத்தை அந்தப் படையின் வருகை சூட்டிவிட்டது. சமூக மாற்றத்தை டாங்கிகளில் ஏற்றிக் கொண்டுசெல்ல முடியாது என்பது இடதுசாரி இயக்கம் மனத்தில் இருத்த வேண்டிய பாடம்.

மாநகரம் செலுத்தும் விலை

இத்தகைய போர்களின் விலையை மும்பையின் உழைப்பாளி மக்கள் பல வகைகளில் செலுத்தி வருகின்றனர். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தலைமுறைகளாக வாழும் தமிழர்கள், திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் தோல் பதனிடவும் ஆலைகளிலும் ரயில்வேயிலும் உழைக்கவும் வந்தவர்களின் வழித்தோன்றல்கள். வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்ற லட்சக்கணக்கானோருக்கு மும்பையே வாசல். 1990-ல் குவைத்தை ஈராக் ஆக்கிரமித்தபோது, ஏர் இந்தியா இரண்டு மாதங்களில் 488 நடைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை அம்மானிலிருந்து மும்பைக்கு ஏற்றி வந்தது. வேலையும் சேமிப்பும் இழந்து, உயிரோடு திரும்பியதே பெரிதென்று அவர்கள் வந்து இறங்கினர். அதைத் தொடர்ந்த அமெரிக்கப் போரும், சவூதி மண்ணில் நிலைகொண்ட அமெரிக்கப் படைகளுமே, பின் லேடனின் பிரச்சாரத்துக்கு முக்கிய மூலப்பொருளாயின. ஒவ்வொரு வளைகுடாப் போரிலும் முதலில் ஏறுவது கச்சா எண்ணெயின் விலை. அடுத்து ஏறுவது தாராவிக் குடிசையின் அடுப்பெரிக்கும் செலவு.

இரண்டாவது விலை, சந்தேகம். 2006 ஜூலை 11 மாலை மேற்கு ரயில்பாதையில் பதினோரு நிமிடங்களுக்குள் ஏழு குண்டுகள் வெடித்தன. அவற்றுள் தாராவியை ஒட்டிய மாஹிம் நிலையத்திலும், மாஹிம் - மாட்டுங்கா ரோடு இடையிலும் வெடித்தவையும் அடங்கும். வேலை முடிந்து வீடு திரும்பிய 180-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்வழக்கில் தண்டிக்கப்பட்ட இஸ்லாமியர் பன்னிரண்டு பேரையும், குற்றத்தை நிரூபிக்க அரசுத் தரப்பு தவறிவிட்டது எனக் கூறி, பம்பாய் உயர்நீதிமன்றம் 2025 ஜூலையில் விடுவித்தது. அரசு மேல்முறையீடு செய்துள்ளது. பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு நீதி கிட்டவில்லை. சிறையில் கழிந்த வாழ்நாளைத் திருப்பித் தரவும் எவராலும் இயலாது. "பயங்கரவாதத்துக்கு எதிரான போர்" என்ற அமெரிக்கச் சொல்லாடலை உள்நாட்டில் அப்படியே பின்பற்றினால், காவல்துறை விசாரணையும் போரின் வடிவத்தையே எடுத்துக்கொள்கிறது. அதன் இலக்கு குற்றவாளியாக இல்லாமல் ஒரு சமூகமாகிவிடுகிறது.

சங் பரிவாரத்துக்கு இது வாய்ப்பான களம். வெளியே மதவெறிக் குழு நடத்தும் ஒவ்வொரு தாக்குதலும் உள்ளே இந்துத்துவ அரசியலுக்கு வாக்காக மாற்றப்படுகிறது. அந்த வெறுப்பு அரசியல் மீண்டும் எதிர்த்தரப்பு வெறியர்களுக்கு ஆள் சேர்க்க உதவுகிறது. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மும்பையில் நடந்த கலவரங்களில் ஏறத்தாழ 900 பேர் மாண்டனர். மார்ச் 12 அன்று வெடித்த தொடர் குண்டுகளில் 257 பேர் மாண்டனர். இவ்விரண்டுக்கும் இடையிலான தொடர்பை நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் சுட்டிக்காட்டியது. வெளியிலிருந்து ஆயுதமும் பணமும் வரலாம். அவை பயன்பட உள்நாட்டில் ஒரு காயம் தேவைப்படுகிறது. அந்தக் காயத்தை ஆறவிடாமல் கீறிக்கொண்டிருப்பவர்கள் தேசபக்தர்களாகிவிட முடியாது.

இதற்கு மாறாக, மும்பையின் எளிய மக்கள் காட்டிய வழி வேறு. 2008-ல் கொல்லப்பட்ட ஒன்பது தாக்குதலாளிகளின் உடல்களைத் தமது அடக்கத்தலத்தில் புதைக்க அந்நகரின் இஸ்லாமிய அமைப்புகள் இடம் தர மறுத்தன. அப்பாவிகளைக் கொன்றவர்கள் தம் மதத்தைச் சேர்ந்தவர்களாகக் கருதப்பட மாட்டார்கள் என அறிவித்தன. எந்த ஏவுகணையாலும் அளிக்க முடியாத அடியை அந்த முடிவு பயங்கரவாதத்துக்கு அளித்தது.

தீர்வு எது?

தீவிரவாதக் குழுக்களைக் கண்டும் காணாமல் விட்டுவிட வேண்டும் என்று இடதுசாரிகள் சொல்லவில்லை. குற்றம் புரிந்தவர்கள் திறமையான புலனாய்வின் மூலம் கண்டறியப்பட்டு, நேர்மையான விசாரணையின் மூலம் தண்டிக்கப்பட வேண்டும். அவர்களுக்குப் புகலிடம் தரும் பாகிஸ்தான் அரசு உலக அரங்கில் பொறுப்பேற்க வைக்கப்பட வேண்டும். ஆனால், ஒரு நாட்டின் மீது குண்டு வீசித் தீவிரவாதத்தை ஒழிக்கலாம் என்ற கருத்தை இருபது ஆண்டுக்கால அனுபவமே பொய்யாக்கிவிட்டது. தாலிபானை ஒழிக்க 2001-ல் காபூலுக்குள் நுழைந்த அமெரிக்கப் படை, 2021 ஆகஸ்டில் அதே தாலிபானிடம் காபூல் வீழ்ந்துகொண்டிருக்கையில் வெளியேறியது. 2011-ல் நேட்டோ குண்டுவீசிச் சிதைத்த லிபியாவின் ஆயுதக் கிடங்குகள், மறு ஆண்டே மாலியில் மதவெறிக் குழுக்களின் கைகளில் ஒலித்தன.

இந்த அனுபவத்திலிருந்து இந்தியா பாடம் கற்ற காலமும் உண்டு. 2003-ல் ஈராக்குக்குப் படை அனுப்புமாறு அமெரிக்கா கடும் நெருக்குதல் கொடுத்தது. இடதுசாரிகள் உள்ளிட்ட எதிர்க்கட்சிகளின் எதிர்ப்பும் நாடெங்கும் எழுந்த மக்கள் உணர்வும் சேர்ந்து, அன்றைய வாஜ்பாய் அரசை மறுக்க வைத்தன. 2004 ஜனவரியில் மும்பையின் கோரேகானில் கூடிய உலக சமூக மாமன்றத்தில் ஈராக் ஆக்கிரமிப்புக்கு எதிரான குரல் ஓங்கி ஒலித்தது. இந்திய வீரர்களின் சவப்பெட்டிகள் பாக்தாதிலிருந்து வராமல் போனதற்கு அந்த மறுப்பே காரணம்.

இன்று பயணம் எதிர்த்திசையில் செல்கிறது. 2016-ல் கையெழுத்தான தளவாட உதவி ஒப்பந்தம், இந்தியத் தளங்களில் எரிபொருளும் பராமரிப்பும் பெற அமெரிக்கப் படைகளுக்கு வழி திறந்தது. 2023-ல் மும்பையின் மசகான் கப்பல் கட்டும் தளமும் சென்னையை அடுத்த காட்டுப்பள்ளித் தளமும் அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் ஒப்பந்தங்களில் இணைந்தன. இது வெறும் வணிகம் என்று ஒன்றிய அரசு சொல்கிறது. 2025 ஜூனில் ஈரானின் அணு நிலையங்கள் மீது குண்டு வீசிய ஒரு படைக்குத் துறைமுகமும் பட்டறையும் தருவது வெறும் வணிகம் ஆகாது. நாளை அந்தப் போர்களின் எதிர்வினை வரும்போது, அது கப்பல் நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தைத் தேடி வராது. கூட்டம் நிறைந்த ரயில் நிலையத்தைத்தான் தேடி வரும்.

இதே மும்பைத் துறைமுகத்தில் 1946 பிப்ரவரி 18 அன்று "தல்வார்" தளத்தின் கடற்படை மாலுமிகள் கிளர்ந்தெழுந்தனர். நல்ல உணவும் கண்ணியமான நடத்தையும் மட்டும் அவர்களின் கோரிக்கைகளாக இருக்கவில்லை. இந்தோனேசிய மக்களின் விடுதலைப் போரை ஒடுக்க அனுப்பப்பட்ட இந்தியப் படைகளைத் திரும்பப் பெற வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. கம்யூனிஸ்ட் கட்சியின் அழைப்பை ஏற்று பரேல் உள்ளிட்ட ஆலைப் பகுதிகளின் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். இந்துவும் இஸ்லாமியரும் ஒன்றாகத் தெருவில் நின்றனர். இருநூறுக்கும் மேற்பட்டோர் துப்பாக்கிச் சூட்டில் உயிர்நீத்தனர். பிறநாட்டு மக்களை ஒடுக்கும் போருக்குத் தம் கைகளும் தம் துறைமுகமும் கருவியாகக் கூடாது என்பதே அவர்கள் விட்டுச்சென்ற மரபு.

அந்த மரபை உயர்த்திப் பிடிப்பது பழம்பெருமை பேசுவதற்காக அல்ல. தளவாட ஒப்பந்தத்திலிருந்து இந்தியா விலக வேண்டும், பிறநாட்டுப் போர்களுக்கு இந்திய மண்ணும் துறைமுகமும் பயன்படக் கூடாது என்ற முழக்கம், மும்பையின் ரயில் நிலையங்களில் மூட்டை முடிச்சுகளுடன் காத்திருக்கும் உழைப்பாளி மக்களின் உயிர்ப் பாதுகாப்புக்கான முழக்கமுமாகும்.